திறந்த கதவும் சாத்திய அறையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்

‘ஒளிவு மறைவு இல்லாத மனிதர்’ என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். ‘வீட்டு விஷயத்தை வீதியில் பேசாதே’ என்று இன்னொருவரைக் கண்டிக்கிறோம். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டுமல்ல, உலகெங்கும் பரந்து கிடக்கும் கணினி அறிஞர்களும் இதே முரண்பாட்டில் சிக்கித் தவித்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது; சற்றே ஆறுதலாகவும் இருந்தது. அதைப் பற்றி என் மனத்தில் பட்டதை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

நான் சொல்லப் போவது டெபியன் என்னும் மென்பொருள் குழுவின் கதை. கணினியை இயக்குவதற்கு அடிப்படையான லினக்ஸ் மென்பொருளைத் தொகுத்து, யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று வழங்கிவரும் தன்னார்வலர் குழு அது. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று இதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் என்ற மாணவர். அப்போது அவருக்கு வயது இருபது. (எனக்கும் இப்போது இருபதுதான். நான் இதுவரை தொடங்கியது இந்தக் கட்டுரை ஒன்றே!) டெபியனுக்கு முதலாளி இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் பல நாடுகளிலிருந்து தத்தம் ஓய்வு நேரத்தில் உழைக்கிறார்கள். ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமைப்புச் சட்டமும் உண்டு, தீர்மானங்களும் உண்டு.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று என் சித்தப்பா மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தது. அக்காவுக்குத் திருமணமானதும் அது என் கைக்கு வந்தது. அதில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே முகம் தெரியாத அந்த ஆயிரம் பேரின் உழைப்பு, எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது.

1997-ஆம் ஆண்டு இக்குழுவினர் ‘சமூக ஒப்பந்தம்’ என்ற ஓர் அறிக்கையை ஏற்றார்கள். அதன் ஒரு பிரிவு, குறைகளை மறைக்க மாட்டோம் என்று உலகத்துக்கு வாக்களிக்கிறது. எந்த மென்பொருளில் என்ன வழு, யார் கண்டுபிடித்தார், யார் மறுத்தார், எப்போது சரிசெய்யப்பட்டது என்ற பதிவேடு முழுவதும் எப்போதும் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கும். அறிவியல் மாணவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நம்மிடம் இரண்டு நோட்டுகள் உள்ளன. அடித்தலும் திருத்தலும் நிறைந்த அப்சர்வேஷன் நோட்டு ஒன்று. அழகாக எழுதி, பேராசிரியரிடம் கையொப்பம் பெறும் ரெக்கார்டு நோட்டு மற்றொன்று. உலகத்து நிறுவனங்கள் எல்லாம் ரெக்கார்டு நோட்டை மட்டுமே காட்டும். இவர்களோ அப்சர்வேஷன் நோட்டையே நடுக்கூடத்தில் விரித்து வைத்திருக்கிறார்கள்.

இதை நான் போற்றுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல விதிகள் காதுவழியே வந்துவிடுகின்றன. எந்தச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும், எந்தப் படிப்புக்கு என்ன வேலை, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மாமாவோ பெரியப்பாவோ சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடுவார். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே, சேர்க்கை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தால்? எழுதி வைக்காத விதி, ஆள் தெரிந்தவனுக்கு மட்டுமே விதி. எழுதித் திறந்து வைத்த விதியோ யாருக்கும் பொது. டெபியனில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள், எதிர்த்தவர் என்ன காரணம் சொன்னார் என்பதை, நள்ளிரவில், யாருடைய சிபாரிசும் இல்லாமல், நானே படித்துக்கொள்ள முடிகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வெளிப்படைத்தன்மை என்பது மேடையில் முழங்கும் கொள்கையன்று. ஏறிச் செல்ல வைத்திருக்கும் ஏணி.

ஆகவேதான், அந்தத் திறந்த வீட்டுக்குள்ளேயே சாத்திய அறை ஒன்று உண்டு என்று அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

டெபியன் உறுப்பினர்கள் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய தனி மடற்குழு ஒன்று தொடக்க காலந்தொட்டு இருந்து வருகிறது. விடுமுறை அறிவிப்பு, உடல்நலக் குறைவு, உறுப்பினர்களுக்குள் மனத்தாங்கல் என்று பலவும் அங்கே பேசப்பட்டன. குறைகளை மறைக்க மாட்டோம் என்று ஊரறியச் சொன்னவர்களுக்கு ஒரு சாத்திய அறை எதற்கு? இக்கேள்வி எனக்கு மட்டும் தோன்றியதன்று, அவர்களுக்குள்ளேயே எழுந்தது. நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த அதே 2005-ஆம் ஆண்டில், டெபியனில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மூன்றாண்டு கடந்த தனி மடல்களைத் தன்னார்வலர் குழு ஒன்று படிப்படியாக வெளியிட வேண்டும். எழுதியவரையும், மேற்கோள் காட்டப்பட்டவரையும் தொடர்புகொண்டு கருத்துச் சொல்லச் சில வாரம் அவகாசம் தர வேண்டும். வேண்டாம் என்று எழுதியவர் சொன்னால் அந்த மடலை விட்டுவிட வேண்டும். தனி மனிதர்களின் பண விவரங்களை நீக்க வேண்டும். வெறும் விடுமுறை அறிவிப்புகளை வெளியிடத் தேவையில்லை. எவ்வளவு நியாயமான ஏற்பாடு! நானாக இருந்தால் இரு கையையும் தூக்கியிருப்பேன்.

ஆனால் அந்த வேலை நடக்கவில்லை. கை தூக்கியவர்கள் பலர். மடல்களைப் பிரித்து உட்கார ஆளில்லை. எண்ணிப் பாருங்கள். குவிந்து கிடக்கும் பழைய மடல்கள் ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். அதில் யார் யார் பெயர் வருகிறது என்று குறிக்க வேண்டும். அத்தனை பேரையும் தேட வேண்டும். முகவரி மாறியவர், குழுவை விட்டு விலகியவர், மனம் கசந்து போனவர் எல்லாரிடமும் ‘உங்கள் பழைய சண்டையை அச்சிடலாமா?’ என்று கேட்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் இயன் மர்டாக்கே மறைந்துவிட்டார். மறைந்தவர்களிடம் சம்மதம் கேட்பது யார்? மென்பொருள் எழுத ஆசைப்பட்டு வந்த தன்னார்வலர் எவரும் இந்தக் குமாஸ்தா வேலைக்கு ஆசைப்படவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-ஆம் ஆண்டு மீண்டும் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பழைய தீர்மானத்தை நீக்கினார்கள். தனி மடற்குழு தனியாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். வெளியிடக்கூடாத விஷயங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள் என்று உறுப்பினர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார்கள்.

இது தோல்வியா? முதலில் தோல்வி என்றுதான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியவை புத்தகங்கள் அல்ல. இரண்டு சொந்த அனுபவங்கள்.

முதலாவது பள்ளியில் நடந்தது. உதவித்தொகை பெறுவோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பெயர் இருந்தது, சரி. தொகை இருந்தது, அதுவும் சரி. யாருக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் தவறு நடக்காது. அதற்குப் பக்கத்தில் சாதி, தகப்பனார் தொழில், ஆண்டு வருமானம் என்று மூன்று கட்டங்கள். என் தகப்பனாரின் தொழில் அன்று மாலைக்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் ஆகிவிட்டது. ஒட்டியவர் நல்லெண்ணத்தோடுதான் ஒட்டியிருப்பார்; ‘எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும்’ என்று நினைத்திருப்பார். ஆயின் அந்தப் பட்டியலில் பள்ளியின் கணக்கு எதுவும் வெளிப்படவில்லை. வெளிப்பட்டவர்கள் நாங்கள்தான்.

இரண்டாவது நானே தேடிக்கொண்டது. முதலாமாண்டில், ஒரு மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்று ஒரு தன்னார்வக் குழுவுக்கு வழு அறிக்கை அனுப்பினேன். பெயர் எதற்கு, விட்டுவிடுகிறேன். கடிதம் என்றால் முடிவில் ‘இப்படிக்கு’ போட்டு, ஊர், தெரு, கைப்பேசி எண் எழுத வேண்டும் என்பதுதானே நமக்குப் பள்ளியில் கற்பித்தது? அப்படியே எழுதிவிட்டேன். அது உலகம் முழுதும் தெரியும் பதிவேட்டில் நிற்கும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இலக்கணப் பிழை மலிந்த என் ஆங்கிலம் இருக்கட்டும், அதற்கு நான் வெட்கப்படவில்லை (கொஞ்சம் படுகிறேன்). அந்த எண் என் அம்மாவின் எண். ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, எரிவாயு எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வசதியுள்ள வீட்டில் ஆளுக்கொரு எண். ஒன்று போனால் இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் கவலை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எனவே நாங்கள் இருபுறமும் வெட்டுப்படுகிறோம். கதவு சாத்தியிருந்தால் உள்ளே நுழைய முடியாதவர்களும் நாங்களே. கதவு திறந்திருந்தால் முதலில் உரிக்கப்படுபவர்களும் நாங்களே.

வெளிப்படையாக வைத்துவிட்டால் பிழைகள் தாமே அகன்றுவிடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதன்று. டெபியனின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு, ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற சங்கேதக் கருவியில் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காகச் சிறு திருத்தம் செய்யப்பட்டது. செய்தவர் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அந்தக் கருவியை எழுதியவர்களின் பொது மடற்குழுவிலேயே முன்கூட்டிக் கேட்டார். எல்லாம் வெட்டவெளியில் நடந்தது. ஆனால் அத்திருத்தத்தால், எண்ணிலடங்காத வகையில் அமைய வேண்டிய ரகசியச் சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியங்களுக்குள் சுருங்கிவிட்டன. 2008-ஆம் ஆண்டு மே 13 அன்று அறிவிக்கப்படும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேலாக, திறந்து கிடந்த அந்த வரிகளின் பிழை பிடிபடவில்லை. கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தவரில்லை. உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. எனினும் பிழை எங்கே, எப்போது, எப்படி நுழைந்தது என்று அன்றே வரிக்கு வரி காட்ட முடிந்தது என்றால் அதற்குக் காரணமும் அந்தத் திறந்த பதிவேடுதான். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதைவிட என்னை உலுக்கியது 2024-இல் வெளிவந்த எக்ஸ்.இசட். என்ற கருவியின் கதை. கோப்புகளைச் சுருக்கித் தரும் அந்தச் சிறு கருவியைப் பல ஆண்டுகளாக ஒருவரே பராமரித்து வந்தார். வேலை தாமதமாகிறது என்று 2022-இல் பொது மடற்குழுவில் சிலர் அவரை நச்சரித்தார்கள். நெடுநாளைய மனநலச் சிக்கலால் முன்போல் உழைக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் அங்கேயே விளக்கம் எழுத நேர்ந்தது. ஓர் அலுவலகத்தில் இதை மேலாளரின் அறையில் மெல்லிய குரலில் சொல்லலாம். அவருக்கு அப்படி ஓர் அறை இல்லை. உலகத்தின் முன்னால் சொன்னார். அதைப் படித்தவர்களில் அனுதாபப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதே நாட்களில், உதவ வந்தவர் போல நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்று, கூட்டுப் பராமரிப்பாளராக உயர்ந்த புனைபெயர் ஆசாமி ஒருவர், 2024-இல் அக்கருவிக்குள் ஒரு கள்ளவாசலை வைத்தார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ பதிப்பில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்ற சந்தேகம்தான் தொடக்கம். மூல வரிகள் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் கண்டுபிடித்ததும் தெருவில் கூவவில்லை. முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவித்தார். பிறகு, மார்ச் 29 அன்று, உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு முன்பே காவலாளிக்குச் சொல்வதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. அந்தச் சாத்திய அறை சில நாள்களுக்கு மட்டுமே. அதன் கதவு எப்போது திறக்கும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் என்னை மறுத்தார். “தம்பி, அரசாங்கக் கோப்புகளையே பல ஆண்டு கழித்து ஆவணக் காப்பகத்தில் திறக்கிறார்கள். எல்லாரும் ரகசியம் ரகசியம் என்றால் நாளைக்கு வரலாறு எழுதுவது எப்படி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாண்டானாலும் முப்பதாண்டானாலும், எழுதுகிறபோதே ‘இது ஒருநாள் திறக்கப்படும்’ என்று எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. அவர் அதற்கேற்ப எழுதுவார். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற வாக்கை நம்பி, குடும்பத்தில் நோய், கையில் காசில்லை என்று ஒருவர் எழுதிவிட்ட பிறகு, கொள்கையின் பெயரால் அதைத் திறப்பதுதான் எனக்கு நம்பிக்கைத் துரோகமாகப் படுகிறது. “அப்படியானால் இனி எழுதுவதற்கு மட்டும் விதி செய்யலாமே?” என்றார். செய்யலாம், ஐயா. செய்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அவ்விடத்தில் அவர் சொன்னதே சரி.

சாத்திய அறைக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அறை என்று ஒன்று இருந்தால் பேச்சு அங்கே நகரத் தொடங்கும். கூடத்தில் பேசினால் புதியவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள், எதிர்ப்பார்கள், நேரமாகும். அறைக்குள் நாலு பேர் பேசி முடித்தால் சுலபம். இன்று நோய்ச் செய்தி. நாளை, யாரைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற முடிவு. மறுநாள் கூடத்துக்கு வருவது முடிவு மட்டும், காரணம் வராது. வெளியே நிற்கும் எவனையும் கட்டுப்படுத்தும் முடிவென்றால் அதன் காரணமும் வெளியே வந்தாக வேண்டும். ஒரு மனிதனின் உடம்பையும் பணத்தையும் குடும்பத்தையும் பற்றியதென்றால் அது உள்ளேயே இருக்க வேண்டும். இடையில் ஒரு நூறு சங்கடமான சந்தர்ப்பங்கள் வரும் என்பதை நான் அறியாதவனல்லன். ஒருவரை ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கினால் அது முடிவா, அந்தரங்கமா? இரண்டும்தான். அங்கே என் விதி தடுமாறுகிறது. நடவடிக்கை எந்த விதியின்படி, யார் எடுத்தது, முறையிட வழி என்ன என்பதையாவது வெளியே சொல்லிவிட்டு, புகார் கொடுத்தவரின் பெயரையும் புகாரின் விவரத்தையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது.

வாக்களிப்பு விஷயத்தில் டெபியனே இப்படி ஒரு கோடு கிழித்திருக்கிறது. தலைவர் தேர்தல் அங்கே எப்போதும் ரகசிய வாக்கெடுப்பு. ஆனால் மற்றத் தீர்மானங்களில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பெயரோடு வெளியிடப்பட்டு வந்தது. 2021-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் மீண்டும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்கு வந்ததைப் பற்றி டெபியன் கருத்துச் சொல்ல வேண்டுமா என்ற வாக்கெடுப்பு பெரும் கொந்தளிப்பாகிவிட்டது. பொது அறிக்கை எதுவும் வேண்டாம் என்பதே முடிவு. ஆயினும், வாக்களித்ததற்காகவே ஒருவர் தொல்லைக்கு ஆளாகலாம் என்ற அச்சம் எழுந்தது. 2022-இல் வாக்காளர் பெயரை மறைக்கத் தீர்மானித்தார்கள். தன் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று வாக்காளர் சரிபார்க்க வழியும் வைத்தார்கள். தீர்மானத்தின் வாசகம், முன்மொழிந்தவர் பெயர், விவாதம் எல்லாம் இன்றும் திறந்தே இருக்கின்றன. ஊராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டை மடித்துப் போட்டுப் பழகிய நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கையைத் தூக்கச் சொன்னால் எங்கள் தெருவில் எத்தனை கைகள் தம் விருப்பப்படி எழும் என்பதை நான் அறிவேன்.

தமிழ் எழுத்து அந்த மென்பொருளில் இன்னும் உடைந்துதான் தெரிகிறது. என் பழைய அறிக்கைக்குக் கீழே, எந்த நாட்டவரோ, ‘எந்தப் பதிப்பு? எந்த எழுத்துரு? ஒரு படம் அனுப்ப முடியுமா?’ என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறார். அதே பக்கத்தில்தான் அம்மாவின் எண்ணும் இருக்கிறது. எண்ணை நீக்க முடியுமா என்று அக்குழுவின் நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் செய்முறைத் தேர்வு முடிந்ததும், அவருடைய மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பொதுப் பதிவேட்டிலேயே பதில் எழுதப் போகிறேன். இம்முறை ‘இப்படிக்கு’ என்பதன் கீழ் என் பெயர் மட்டும்.